பைக் ரேஸர் ஆவது எப்படி? மணிமங்கலத்துக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் நடுவே இருப்பது என்ன?

ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் பார்க்கும் காட்சிதான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். அந்த பஸ்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து, சைலன்ஸரை மாற்றிய பைக் ஒன்று பறக்கும். ஓட்டுகிற பையனுக்குப் பதினெட்டு வயது இருக்குமா என்பதே சந்தேகம். "ரேஸர்னு நினைப்பு" என்று யாராவது திட்டுவார்கள்.

திட்டுகிறவர்கள் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நிஜமான ரேஸர்கள் ஓட்டும் இடம் இங்கிருந்து ரொம்பப் பக்கம். மணிமங்கலத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள், சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது அந்த டிராக். இந்திய பைக் ரேஸின் பெரிய பெயர்களில் பாதிக்கு மேல் அங்கேதான் உருவானது.

பைக்குகளும் இங்கேதான் பிறக்கின்றன. ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உள்ளன. யமஹாவின் சென்னைத் தொழிற்சாலையும் வல்லம் வடகாலில்தான். பைக் செய்யும் ஊர், பைக் ஓட்டிப் பார்க்கும் ஊர், பைக் ரேஸ் நடக்கும் ஊர், மூன்றும் ஒன்றுதான். அப்படியிருந்தும் இந்த ஊர்ப் பையன் ரேஸர் ஆவது ஏன் இவ்வளவு கஷ்டம்? அந்த வழியில் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு ஆபத்து, கையில் காசு நிற்குமா? பார்க்கலாம்.

'ஸ்பீட்வே'ன்னா என்ன? நம்ம ஊர்ல நடப்பது அதுதானா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. முதலில் இதைத் தெளிவுபடுத்திவிடலாம்.

ஸ்பீட்வே என்பது உலக அளவில் தனி விளையாட்டு. மண் டிராக், முட்டை வடிவம். நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். 500 சிசி என்ஜின், எரிபொருள் மெத்தனால். பைக்கில் பிரேக்கே கிடையாது. பின் சக்கரத்தை வழுக்க விட்டு, அந்த வழுக்கலிலேயே திரும்புவார்கள். ஒரு ரேஸ் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். முதலில் வந்தால் 3 புள்ளி, அடுத்து 2, அடுத்து 1, கடைசிக்கு பூஜ்யம்.

போலந்து, ஸ்வீடன், டென்மார்க், பிரிட்டன் நாடுகளில் இது முழுநேரத் தொழில். வீரர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நாட்டு கிளப்புகளோடு ஒப்பந்தம் போடுவார். சொந்த பைக், சொந்த வேன், சொந்த மெக்கானிக். எடுக்கும் புள்ளிக்கு ஏற்பத்தான் சம்பளம். போலந்து லீக்கில்தான் பணம் அதிகம். அந்நாட்டின் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் ஆறு முறை உலக சாம்பியன். விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கே உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் டார்சி வார்ட், 2015 ஆகஸ்டில் போலந்தில் ஒரு ரேஸில் விழுந்தார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 23.

இந்தியாவில் இப்படி ஒரு லீக் இல்லை. கோவை செட்டிபாளையத்தில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறதே என்று கேட்கலாம். பெயரில் மட்டும்தான் ஸ்பீட்வே. எஸ். கரிவர்தன் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட அது, சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள தார் டிராக். நம் நாட்டில் ஸ்பீட்வேக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது 'ஃப்ளாட் டிராக்'. மண்ணில் வழுக்கி ஓட்டக் கற்றுத்தரும் 'ஸ்லைட் ஸ்கூல்' ஒன்றை ராயல் என்ஃபீல்டு நடத்தியிருக்கிறது. மற்றபடி இங்கே பைக் ரேஸர் என்றால் தார் டிராக்கில் சர்க்யூட் ரேஸ் ஓட்டுபவர், அல்லது காடு மேடு பாலைவனத்தில் ராலி ஓட்டுபவர். இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

இருங்காட்டுக்கோட்டை டிராக் எப்படி வந்தது?

முதலில் ரேஸ் நடந்தது சென்னைக்கு வடக்கே, சோழவரத்தில். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1950களிலிருந்து அங்கே கார், பைக் பந்தயங்கள் நடந்தன. ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். நடத்தியது 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். ஓடுதளத்தில் ஓடிக்கொண்டே இருக்க முடியாது, நிரந்தர டிராக் வேண்டும் என்று அந்த கிளப் இருங்காட்டுக்கோட்டையில் கட்டியதுதான் இது. 1990-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். நீண்ட காலம் 'எம்.எம்.ஆர்.டி' என்றே அழைக்கப்பட்டது. இப்போது பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். ரேஸர்கள் திருப்பங்களை 'சி1', 'சி2' என்று எண் சொல்லித்தான் பேசுவார்கள்.

2011-ல் கிரேட்டர் நொய்டாவில் புத் சர்க்யூட் வரும் வரை, நாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான தார் டிராக்குகள் இரண்டுமே தமிழ்நாட்டில்தான் இருந்தன. சென்னைப் பையன்கள் இந்த விளையாட்டில் முன்னால் நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெங்களூரு பையன் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வர வேண்டும். சென்னைப் பையன் காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

ரோட்டில் வேகமா ஓட்டுறவன் டிராக்கில் ஜெயிப்பானா?

பெரும்பாலும் மாட்டான். பயிற்சியாளர்கள் முதல் நாள் செய்யும் வேலையே, ரோட்டில் பழகிய பழக்கங்களை மறக்கடிப்பதுதான்.

ரோட்டில் வேகம் என்றால் ஆக்ஸிலரேட்டர். டிராக்கில் வேகம் என்றால் பிரேக். நேர்க்கோட்டில் எல்லோரும் முழு த்ராட்டிலில்தான் போவார்கள். ஒரே மாதிரி பைக் என்பதால் அங்கே பெரிய வித்தியாசம் வராது. திருப்பத்துக்கு முன்னால் யார் கடைசி வரை பொறுத்திருந்து பிரேக் பிடிக்கிறார், எந்தக் கோட்டில் உள்ளே நுழைகிறார், வெளியே வரும்போது எவ்வளவு சீக்கிரம் மறுபடி த்ராட்டில் திறக்கிறார் என்பதில்தான் ரேஸ் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆறு சுற்று ரேஸ் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். சிறிய பைக்குகளில் பத்து பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு சுற்றுக்கு அரை வினாடி மட்டும் பின்தங்கினால், ஆறு சுற்றில் மூன்று வினாடி. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி என்பது நூறு மீட்டர். கண் இமைக்கும் நேரத்தை ஆறு முறை விட்டவர், கடைசியில் நூறு மீட்டர் பின்னால் நிற்கிறார். அதனால்தான் அணிகள் ஒரு பையனின் அதிவேகச் சுற்றை மட்டும் பார்ப்பதில்லை. ஆறு சுற்றும் ஒரே மாதிரி ஓட்டுகிறானா என்று பார்க்கிறார்கள். ஒரு தடவை பறப்பவனைவிட ஆறு தடவையும் தவறாமல் ஓட்டுபவன்தான் அவர்களுக்கு வேண்டும்.

இன்னொன்று, கொடி. மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு ஆடினால் ரேஸ் நிறுத்தம். கறுப்பு உங்களுக்குக் காட்டப்பட்டால் நீங்கள் வெளியே வர வேண்டும். 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓரத்தில் ஆடும் துணியின் நிறத்தைப் பார்த்து மூளை முடிவெடுக்க வேண்டும். இதுவும் பயிற்சிதான்.

சரி, எப்படி உள்ளே போவது?

முதல் படி பயிற்சிப் பள்ளி. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பல அமைப்புகள் ஓரிரு நாள் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. பெரும்பாலும் முன்னாள், இந்நாள் சாம்பியன்களே நடத்துபவை. அங்கே தேறினால், எஃப்.எம்.எஸ்.சி.ஐ என்கிற இந்திய மோட்டார் விளையாட்டு கிளப்புகளின் கூட்டமைப்பிடம் போட்டி உரிமம் வாங்க வேண்டும். இது ஆர்.டி.ஓ கொடுக்கும் லைசென்ஸ் இல்லை, வேறு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம்.

அடுத்த படி புதியவர்களுக்கான 'நோவிஸ்' பிரிவு. தேசிய சாம்பியன்ஷிப்பில் 165 சிசி பைக்குகளில் புதியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதற்கு மேலே புரோ-ஸ்டாக் 165, அதற்கும் மேலே 301 முதல் 400 சிசி வரையிலான பிரிவு. பெரிய பெயர்கள் மோதுவது இந்த மேல் இரண்டில்தான்.

இவற்றோடு சேர்ந்தே நடப்பவை 'ஒன் மேக்' போட்டிகள். ஒரே கம்பெனி, ஒரே மாடல் பைக், எல்லோருக்கும் ஒன்றுதான். டி.வி.எஸ் அப்பாச்சி பைக்குகளுக்கு ஒரு தொடர், ஹோண்டா நடத்தும் டேலண்ட் கப் இன்னொன்று. ராயல் என்ஃபீல்டும் கான்டினென்டல் ஜிடி பைக்கை வைத்து 2021-ல் ஒரு தொடர் தொடங்கியது. வசதி இல்லாத குடும்பத்துப் பையனுக்கு உண்மையான வாசல் இதுதான் என்று நான் சொல்வேன். காரணம் எளிது. கம்பெனியே தேர்வு முகாம் வைக்கிறது. தேறினால் பைக் அவர்களுடையது, மெக்கானிக் அவர்களுடையவர். சொந்தக் காசில் பைக் வாங்கி, டியூன் பண்ணி, டயர் மாற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் எடுத்துப்போகிற சுமை பெருமளவு இறங்குகிறது.

சுமை எவ்வளவு? ரேஸுக்கான முழு உடல் லெதர் சூட், வெளிநாட்டு பிராண்டு என்றால் அது மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டும். அதோடு ஹெல்மெட், முதுகுக் கவசம், பூட்ஸ், கையுறை. ஒரு தடவை பலமாக விழுந்தால் ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும். ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் அப்பாவிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

நம்ம ஊர்ல இருந்து யார் யார் போயிருக்காங்க?

பட்டியல் பெரிது. சிலரை மட்டும் சொல்லலாம்.

ஆர்.ஏ. அப்துல்லா ஏழு முறை தேசிய சாம்பியன். அவர் மகள் அலிஷா அப்துல்லா, சிறு வயதிலேயே கோ-கார்ட்டில் தொடங்கி, பிறகு 600 சிசி சூப்பர்பைக்கில் ஆண்களோடு ஓட்டி, பின்னர் கார் ரேஸுக்கு மாறினார். தேசிய ரேஸ் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்று அறியப்படுகிறார். வீட்டிலேயே சாம்பியன் இருப்பது எவ்வளவு பெரிய தொடக்கம் என்பதற்கு இந்தக் குடும்பம் உதாரணம்.

ஜெகன் குமார் வேறு வகை. டி.வி.எஸ் அணியோடு நீண்ட காலம் பயணம் செய்தவர், பத்து முறை தேசிய சாம்பியன். டி.வி.எஸ் ரேஸிங் 1982-ல் தொடங்கியது, இந்தியாவில் ஒரு பைக் கம்பெனி தானே நடத்தும் ரேஸ் அணிகளில் மூத்தது. ஒரே அணியில் வேரூன்றி நிற்பது எப்படி ஒரு வீரரின் வாழ்க்கையைக் காப்பாற்றும் என்பதை ஜெகன் குமாரைப் பார்த்தால் புரியும். அதே அணியின் கே.ஒய். அகமதுவும் சென்னைக்காரர். உள்நாட்டு ரேஸ்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அறிமுகம் வேண்டாத பெயர்.

எஸ். சரத்குமார் கதை கொஞ்சம் கனமானது. 2011-ல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் டென்10 ரேஸிங் அணிக்காகக் களமிறங்கிய சென்னை இளைஞர் அவர். மோட்டோ ஜிபி குடும்பத்தைச் சேர்ந்த உலகத் தொடரில் இந்தியர் ஒருவர் ஓட்டியது அதுவே முதல் முறை. ஆனால் எதிரில் இருந்தவர்கள் ஐந்து, ஆறு வயதிலிருந்தே மினி பைக்கில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பெயின், இத்தாலிப் பையன்கள். வாரத்துக்கு வாரம் டிராக்கில் வளர்ந்தவர்கள். நம் பையன்கள் பதினாறு, பதினேழு வயதில் வந்து, வருஷத்துக்குச் சில வாரக் கடைசிகளில் மட்டும் ஓட்டிவிட்டு அவர்களோடு போட்டி போட வேண்டும். திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. ஓட்டிய மணிநேரக் கணக்கில்தான் இடைவெளி.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆசியத் தொடர் இருக்கிறது. ஆசிய ரோடு ரேஸிங் சாம்பியன்ஷிப்பின் 250 சிசி பிரிவில் ஹோண்டா இந்தியா அணி சில ஆண்டுகள் இளைஞர்களை இறக்கியது. சென்னையின் ராஜீவ் சேது, கவின் குவின்டல், கேரளத்தின் மொஹ்சின் பரம்பன் எல்லாம் அந்த வழியில் போனவர்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, ஜப்பான் பையன்களோடு மோதி, புள்ளி எடுக்கவே போராட வேண்டிய இடம் அது.

2023 செப்டம்பரில் நொய்டாவில் மோட்டோ ஜிபி நடந்தபோது நாடே பைக் ரேஸ் பார்த்தது. வென்றவர் இத்தாலியின் மார்கோ பெசெக்கி. அடுத்த ஆண்டு அந்தப் பந்தயம் நடக்கவில்லை. மோட்டோ ஜிபி முதல் பிரிவில் இதுவரை இந்தியர் யாரும் நிரந்தர வீரராக ஓட்டியதில்லை. மாறாக, ராலியில் நாம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம். பெங்களூருவின் சி.எஸ். சந்தோஷ் 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர். கேரளத்தின் ஹரித் நோவா 2024 டக்காரில் 'ராலி 2' பிரிவையே வென்றார், ஒட்டுமொத்தத்தில் 11-வது இடம். அவர் ஓட்டியதும் டி.வி.எஸ் அணிக்குத்தான்.

உயிருக்கு உத்தரவாதம் உண்டா?

இல்லை. இதை மறைத்து யாரும் பையனை டிராக்குக்கு அழைத்துப்போகக் கூடாது.

2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ. குமார் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ம் தேதி, அதே டிராக்கில், தேசிய பைக் சாம்பியன்ஷிப்பின் புதியவர்கள் ரேஸில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். அந்தப் பருவத்தில் அடுத்தடுத்து வென்றுகொண்டிருந்த பையன். வெளிநாட்டுப் போட்டிகளிலும் ஓட்டியவன், அதே மாதம் மலேசியாவில் ஓட்டவும் இருந்தான். அந்த வாரக் கடைசியின் மீதிப் பந்தயங்கள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன.

அதற்குப் பிறகு எழுந்த கேள்வி, 13 வயதில் ஒரு பிள்ளை எந்த பைக்கில், எந்த டிராக்கில் ஓட்டலாம் என்பது. இந்தக் கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2021-ல் ஐரோப்பாவில் மட்டும் மூன்று இளம் வீரர்கள் இறந்தார்கள். ஒருவருக்கு 19 வயது, ஒருவருக்கு 15, ஒருவருக்கு 14. அதன் பிறகுதான் உலகக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம் வயது வரம்புகளை உயர்த்தியது. கிராண்ட் பிரீ தொடர்களில் ஓட்டக் குறைந்தபட்ச வயது 18 என்று 2023 முதல் ஆனது.

இங்கே இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சிறு வயதில் தொடங்காவிட்டால் உலக அளவில் எட்டிப்பிடிக்க முடியாது என்கிறார்கள் பயிற்சியாளர்கள். சரத்குமார் கதை அதைத்தான் காட்டுகிறது. ஆனால் சிறு வயதில் தொடங்குவதற்கு வேண்டியது சிறிய பைக்கும் சிறிய டிராக்கும். கோ-கார்ட் டிராக்கில் மினி பைக், குறைந்த வேகம், குறைந்த எடை. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள, கார்கள் ஓடும் டிராக்கில் சிறுவர்கள் கூட்டமாகக் கிளம்பும்போது, ஒருவன் விழுந்தால் பின்னால் வருகிறவனுக்கு ஒதுங்க நேரமில்லை. பைக் ரேஸில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் விழுவதைவிட, விழுந்தவர் மீது பின்னால் வரும் பைக் மோதுவதுதான். லெதர் சூட்டும் ஹெல்மெட்டும் வழுக்கலிலிருந்து காப்பாற்றும், மோதலுக்கு அவற்றால் அதிகம் செய்ய முடியாது. மோட்டோ ஜிபியில் 2018 முதல் சூட்டுக்குள் ஏர்பேக் கட்டாயம். அதுவும் மோதலின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸ் இருக்கே, போதாதா?

பெற்றோர் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

உங்கள் பைக்கின் மோட்டார் பாலிசியை எடுத்துப் பாருங்கள். ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றில் நடக்கும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று இருக்கும். சரி, மருத்துவ பாலிசி? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா ஹெல்த் பாலிசிகளுக்கும் பொதுவாக வகுத்துள்ள விலக்குகளில் 'எக்ஸ்கல் 09' என்று ஒன்று இருக்கிறது. ஆபத்தான, சாகச விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்றதால் வரும் சிகிச்சைச் செலவை அது விலக்குகிறது. மலையேற்றம், ஸ்கூபா டைவிங் வரிசையில் மோட்டார் ரேஸும் பெயரோடு அதில் உள்ளது.

'தொழில்முறையாக' என்ற சொல்லில்தான் சிக்கல். காசே வாங்காமல் நோவிஸ் பிரிவில் ஓட்டும் கல்லூரிப் பையன் தொழில்முறை வீரரா? நீங்கள் இல்லை என்பீர்கள். போட்டி உரிமம் வைத்திருக்கிறாரே என்று கம்பெனி கேட்கலாம். அந்த வாக்குவாதத்தை ஆஸ்பத்திரி கவுன்டரில் நின்று நடத்தக் கூடாது. பயிற்சியில் சேரும் முன்னாலேயே பாலிசி கொடுத்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். போட்டி நடத்துபவர்களிடமும் கேளுங்கள்: ரேஸோடு சேர்ந்து வரும் விபத்துக் காப்பீடு எவ்வளவு? மரணத்துக்கும் ஊனத்துக்கும் மட்டுமா, ஆஸ்பத்திரிச் செலவுக்கும் உண்டா? பயிற்சி நாட்களுக்கும் பொருந்துமா, பந்தய நாளுக்கு மட்டுமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

அப்போ ரோட்டிலேயே ஓட்டிக்கலாமா?

அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு, அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் ரேஸ் விடுவதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

ஓட்டியவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் மாட்டுவது அப்பா. 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ரேஸர் ஆகணும்னு ஆசைப்பட்ட பையனுக்கு இதைவிடப் பெரிய அடி இருக்காது.

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த பிரபல யூடியூபரின் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கை முறிந்தது, கைதானார், லைசென்ஸ் பத்து வருஷத்துக்குப் பறிபோனது. டிராக்கில் விழுந்தால் ஓரத்தில் மண் படுகை இருக்கும், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும், மஞ்சள் கொடி ஆடும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் விழுந்தால் எதிரே வருவது கன்டெய்னர் லாரி.

இதுல காசு பார்க்க முடியுமா?

சிலர் மட்டும் பார்க்கலாம். கம்பெனி அணியில் ஒப்பந்தம் கிடைத்தவர்களுக்கு பைக், டயர், பயணம், மெக்கானிக் செலவு இல்லை, ஊதியமும் உண்டு. அப்படிப்பட்ட இடங்கள் நாடு முழுக்க விரல் விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்கள் தனியார் அணிகளில் ஓட்டுகிறார்கள், அல்லது ஸ்பான்சர் தேடி அலைகிறார்கள். பரிசுத் தொகையை நம்பி யாரும் குடும்பம் நடத்துவதில்லை.

அதனால் இந்தியாவில் ரேஸரின் வருமானம் ரேஸுக்கு வெளியேதான் இருக்கிறது. பயிற்சி கொடுப்பது ஒரு வழி, ஒர்க் ஷாப் நடத்துவது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அது நம்ம ஊருக்கே உரியது. டெஸ்ட் ரைடர் வேலை. புது மாடல் சந்தைக்கு வரும் முன்னால் மாதக்கணக்கில் அதை ஓட்டி, திருப்பத்தில் எங்கே நடுங்குகிறது, பிரேக் எந்த வேகத்தில் தளர்கிறது என்று பொறியாளர்களுக்குச் சொல்லும் வேலை. பைக் கம்பெனிகள் இதற்கு ஆள் வைத்திருக்கின்றன. ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமான ஜி.ஏ.ஆர்.சி, சோதனை டிராக்குகளோடு இயங்குகிறது. சோதனை ஓட்டுநருக்கு வேண்டியது, ஆறு சுற்றும் ஒரே மாதிரி ஓட்டும் அந்தப் பழக்கம்தான். கூடவே ஐ.டி.ஐ அல்லது ஆட்டோமொபைல் டிப்ளமா இருந்தால், ரேஸ் கைவிட்டாலும் வேலை கைவிடாது. பையனுக்கு பைக் மேல் நிஜமாகவே பைத்தியம் என்றால், ஹெல்மெட்டுக்கு முன்னால் அந்த டிப்ளமாவை முடிக்கச் சொல்வதுதான் புத்திசாலித்தனம் என்பது நம் கருத்து.

எத்தனை வயசு வரைக்கும் ஓட்டலாம்?

நினைப்பதைவிட அதிக காலம். ரஜினி கிருஷ்ணன் பத்து முறை தேசிய சாம்பியன். ஆசியத் தொடரில் 600 சிசி வரை ஓட்டியவர். சென்னையில் ஆர்.ஏ.சி.ஆர் என்ற பயிற்சி அமைப்பையும் அணியையும் நடத்துகிறார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் 301-400 சிசி பிரிவில் இறங்கி, தன் வயதில் பாதிகூட ஆகாத பையன்களோடு இருங்காட்டுக்கோட்டையில் மோதி ஜெயித்திருக்கிறார். தோற்றவர்களில் சிலர் திங்கட்கிழமை கல்லூரிக்குப் போக வேண்டியவர்கள்.